மூன்றாவது பணிப்பெண்

பீரோவைத் திறந்ததுமே அனுப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காதவள் போல் ஓரமாகத் தள்ளிவிட்டு, ரவிக்கைகள் இருந்த அடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். மாமா தேவநாதன் பண்ருட்டியிலிருந்து சிவப்பில் கோடிப் புடவை எடுத்து வந்திருந்தார். அதற்குப் பொருத்தமாக ஒரு ரவிக்கை வேண்டும். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த அக்காவிடம் சிவப்பில் உருப்படியான ரவிக்கை ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் அக்குளில் சாயம் போனவை.

“சீக்கிரம் பாரும்மா. பன்னண்டு மணிக்கு ராகுகாலம் பொறந்துடும்,” என்று வாசலிலிருந்து மாமா குரல் கொடுத்தார். முப்பத்தேழு வருடம் நல்ல நேரம் பார்த்தே அக்காவுக்கு ஒன்றும் நடக்கவிடாதவர், போகிற நேரத்தையும் விடுவதாக இல்லை.

அக்கா சத்யப்பிரியா கூடத்தில் கிடந்தாள். நேற்று மதியம், மேல வீதியில் நாட்டிய உடுப்பு தைக்கும் கடையில், தலை வலிக்கிறது என்று மேசைமேல் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கடலூரிலிருந்து அனு பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“இது என்னா பாப்பா, வெள்ளையா?”

குளிப்பாட்டுவதற்கு வந்திருந்த பக்கத்து வீட்டு புஷ்பவள்ளி, அனுவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அந்த உறையை இழுத்துவிட்டாள். ஜிப் பாதி திறந்துதான் இருந்தது. துணி மளமளவென்று சரிந்து அவள் கைமேல் விழுந்தது.

“ஒண்ணுமில்லக்கா, அது கடைத் துணி. வைங்க அங்கயே.”

“கடைத் துணியா? அவ அளவுல இல்ல இருக்குது!”

புஷ்பவள்ளி அதை விரித்துப் பிடித்தாள். தரையைத் தொடும் நீள அங்கி. தலையை மூடுகிற முக்காடு அதோடு சேர்த்தே தைத்திருந்தது. கைகள் முழங்கையிலிருந்து மடிப்பு மடிப்பாக விரிந்து தொங்கின. விளிம்பு முழுக்க வெள்ளி நூலில் விரல் அகலத்துக்கு வேலைப்பாடு. புஷ்பவள்ளி பத்து வீடு பார்த்தவள். ஒரு பொருளைக் கண்டால் அது என்ன என்று தீர்மானிக்க அவளுக்கு அரை நிமிடம் போதும்.

“இது வேதக்காரங்க சர்ச்சுல கல்யாணத்துக்குப் போடுற கவுனு,” என்றாள்.

சொன்ன வாயோடு அதை ஏந்திக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

அது கல்யாண உடுப்பு இல்லை என்பது அந்த வீட்டில் உயிரோடு இருந்தவர்களில் அனுவுக்கு மட்டும்தான் தெரியும். அது ஒரு வேலைக்காரியின் உடுப்பு. ஏதோ ஒரு இங்கிலீஷ் தொடரில், நட்சத்திரங்களுக்கு நடுவே ஏதோ ஒரு கிரகத்தில், ஒரு ராணி இருக்கிறாள். அவள் சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் பின்னால் ஐந்து பணிப்பெண்கள் கைகட்டி நிற்பார்கள். அதில் மூன்றாவது ஆள்தான் சத்யாவுக்கு வேண்டியவள். நேர் பின்னால் நிற்பதால் ராணியே அவளைப் பாதி மறைத்துவிடுவாள். மொத்தத் தொடரிலும் அவள் வருவது நாலு நிமிடம், வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவளுக்காக சத்யா இரண்டு வருடம் செலவழித்தாள். திரையில் வெள்ளையாகத் தெரிவது வெள்ளை இல்லை என்று கண்டுபிடித்து, மூன்று முறை சாயம் மாற்றி, துணியை வடிகஞ்சி நிறத்துக்குக் கொண்டுவந்தாள். கையில் இருபத்திரண்டு மடிப்பு என்று சாதித்த ஒரு அமெரிக்காக்காரியிடம், ராணி குனிகிற காட்சி ஒன்றை நிறுத்தி நிறுத்திக் காட்டி, இருபத்துமூன்று என்று நிரூபித்தாள். நாட்டிய உடுப்புக்கு விசிறி வைத்துத் தைத்த கைக்கு மடிப்பெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

இப்படித் துல்லியமாகத் தைப்பவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருந்தது. எட்டுப் பக்கத்திலிருந்தும் எடுத்த எட்டுப் படங்களை அனுப்பினால், தையல் தையலாகப் பார்த்து, சரியாக இருந்தால் பெயரோடு தங்கள் பக்கத்தில் ஏற்றுவார்கள். உடுப்பை ஆள் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். தன் முதுகைத் தானே எடுக்க முடியாது என்பதால் சத்யா தங்கையைக் கேட்டாள்.

“ஏங்க்கா, இந்த வயசுல மாறுவேசப் போட்டியா? அதுவும் வேலக்காரி வேசம்! கட்டுறதுதான் கட்டுற, ராணி வேசம் கட்டக் கூடாதா?”

“ராணி உடுப்ப எல்லாரும் தச்சிட்டாங்க. இவள இன்னும் ஒருத்தரும் சரியா பாக்கல அனு. ஒரு ஞாயித்துக்கெழம வா. அர மணி நேரம் போதும்.”

வருகிறேன் என்றாள் அனு. வரவில்லை. மகளுக்குப் பரீட்சை என்றாள், அடுத்த வாரம் நாத்தனார் வருகிறாள் என்றாள், பஸ்ஸில் கூட்டம் என்றாள். ஐந்து ஞாயிறு அப்படிப் போனது. உண்மை என்னவென்றால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ‘உங்கக்காவுக்கு மறை கொஞ்சம் கழண்டுதான் இருக்குது’ என்று மாமியார் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அங்கியின் கதையும் தெரிந்தால் போதும், ஆயுசுக்கும் வைத்துச் சிரிப்பாள். அந்த மாமியார் இப்போது வாசல் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அனுவின் கணவன் அருள்முருகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அனு ரவிக்கை இல்லாமலே கூடத்துக்கு வந்தபோது, அங்கி அம்மாவின் மடியில் இருந்தது. சுற்றிலும் பெண்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மடிப்பை விரலால் நீவினாள். இன்னொருத்தி, “கவுனு வரைக்கும் போயிருக்குதுன்னா பையன் யாருன்னு தெரியலையே,” என்றாள். இழவு வீட்டில் அதுவரை இல்லாத ஒரு சுறுசுறுப்பு வந்திருந்தது.

அம்மா லோகநாயகி விளிம்பைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள். பிறகு அனுவை நிமிர்ந்து பார்த்தாள்.

“மிஷின்ல போடல. கையால தச்சிருக்கா,” என்றாள்.

“அம்மா, அது வந்து...”

“கையால தச்சிருக்கா பாரு. ராத்திரியெல்லாம் கதவ சாத்திக்கிட்டு லைட் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. கரண்டு பில்லு ஏறுதுடின்னு திட்டுவேன்.” அம்மாவின் முகத்தில் என்னவோ நடந்தது. நேற்றிலிருந்து கல்லாக இருந்த முகம் இளகி, ஏறக்குறைய வெட்கம் போல ஒன்று அதில் வந்தது. “அப்ப யாரோ இருந்திருக்கான்.”

அந்த இடத்தில் அனு சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தாள். ‘இல்லம்மா, யாரும் இல்ல, அது ஒரு நாடக உடுப்பு’ என்று நாலு வார்த்தை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அந்த நாலு வார்த்தையைச் சொல்ல எவளுக்கும் மனம் வராது. அம்மாவுக்காகத்தான் சொல்லவில்லை என்று அனு பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். பாதி அது உண்மையும்கூட. மீதிப் பாதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

மாமா வாழைக்கன்றோடு உள்ளே வந்தார். கல்யாணமாகாமல் செத்தவளை அப்படியே அனுப்பக் கூடாது. வாழைக்கன்றுக்கு வேட்டி சுற்றி மாப்பிள்ளையாக நிறுத்தி, அதன் பேரில் பிணத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, கட்டிய கையோடு அறுத்துவிட்டுத்தான் தூக்குவது அவர்கள் வழக்கம்.

“வாழமரம் வேணாம் தம்பி,” என்றாள் அம்மா.

“என்னாக்கா சொல்ற?”

“அதான் அவளுக்கு ஒருத்தன் இருந்திருக்கான்ல. உசுரோட ஒருத்தன் இருக்கும்போது வாழமரத்துக்கு எதுக்குக் கட்டணும்? இந்தக் கவுனையே போட்டு அனுப்புங்க. ஆசப்பட்டுத் தச்சது.”

தேவநாதன் அங்கியைப் பார்த்தார், முக்காட்டைப் பார்த்தார். புஷ்பவள்ளி அவர் காதருகே போய் இரண்டு வார்த்தை சொன்னாள். இந்த மனிதர்தான் வந்த இரண்டு வரன்களைக் குறுக்கே விழுந்து கெடுத்தவர். ஒருவனுக்குச் செவ்வாய் பொருந்தவில்லை, இன்னொருவனுக்குக் கடலூர் பக்கம் குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி வேலை, நுரையீரல் போய்விடும். இப்போது குடும்ப மானம் முழுவதும் தன் தலையில் இறங்கிவிட்டதைப் போல அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

“வேற மதத்து உடுப்பப் போட்டு நம்ம சுடுகாட்டுக்குத் தூக்கறதா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது.”

வாசலில் யாரோ மாலையோடு வந்து நின்றது அப்போதுதான்.

நாற்பது வயதிருக்கும். முன்நெற்றி ஏறிய, ஒல்லியான ஆள். ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் துணிப்பை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றான். சட்டைப் பையில் வெள்ளிப் பெயிண்ட் பட்டிருந்தது. அனு அவனைப் பார்த்ததில்லை. ஆனால் யார் என்று தெரிந்துவிட்டது. அந்த உடுப்போடு தலையில் வைக்கும் வளையத்துக்குக் கடலூரில் ஒருவரைப் பிடித்திருப்பதாகவும், சர்ச் சொரூபங்களுக்குக் கிரீடம் செய்கிறவர், சொன்னால் அப்படியே செய்வார் என்றும் சத்யா போனில் சொல்லியிருந்தாள்.

“யாருய்யா?” என்றார் மாமா.

“கடலூர் ஓல்ட் டவுனுங்க. அந்தோணிசாமி. சொரூப வேல பாக்கறேன். மேடம் நேத்து காலைல போன் பண்ணி, முடிஞ்சிருந்தா கொண்டாங்கன்னாங்க. இன்னிக்கி போன் எடுக்கல. கடைக்குப் போயிதான் தெரிஞ்சிக்கிட்டேன்.”

பெயரைக் கேட்டதுமே பந்தலில் பேச்சு நின்றுவிட்டது.

“பையில என்னா?”

அவன் மாலையை வைத்துவிட்டு, பையிலிருந்து துண்டில் சுற்றியதை எடுத்துப் பிரித்தான். மெல்லிய வளையம். பித்தளையில் வெள்ளிப் பூச்சு. முன்பக்கம் ஒன்பது சின்னச் சின்ன முனைகள், இடது பக்கம் மட்டும் ஒரு கொக்கி. வெயில் பட்டு மின்னியது.

“கிரீடம்,” என்றாள் புஷ்பவள்ளி, எல்லோருக்கும் கேட்கும்படி. வேதக்காரப் பெண்கள் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்வார்களே, அது. இதற்கு மேல் அங்கே யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

நேற்றிலிருந்து உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாத அம்மா எழுந்து வந்தாள். முந்தானை தரையில் இழுபட்டது.

“என் பொண்ணுக்கு நீ செஞ்சதாப்பா இது?”

“ஆமாம்மா.”

அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “வா. வந்து பாரு அவள.”

“நில்லுய்யா,” என்றார் மாமா. “கல்யாணம் ஆனவனா நீ?”

“ஆயிடுச்சிங்க. ரெண்டு பொண்ணு.”

மாமா விட்ட அறையின் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். அந்தோணிசாமி சுவரில் சாய்த்து வைத்திருந்த வாழைக்கன்றின்மேல் போய் மோதி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அம்மாவின் பின்னால், கூடத்தில் விரித்துக் கிடந்த அங்கியையும் சுற்றி நின்ற முகங்களையும் பார்த்தான். மெல்லப் புரிந்தது.

“ஐயோ, அப்படி இல்லீங்க. தப்பா நெனச்சிட்டீங்க. அது கல்யாண உடுப்பு இல்ல. கதையில ஒரு ராணிக்குப் பின்னால நிக்கிற பொண்ணோட உடுப்புங்க. வெள்ளக்காரங்க கதை. அதே மாதிரி அச்சு அசலா தச்சு போட்டோ அனுப்பணும்னு...”

“எவன்கிட்டடா கத உடற? ராணிக்குப் பின்னால நிக்கிறாளாம்!” என்றார் மாமா.

யாரோ சிரித்தார்கள். இழவு வீட்டில் சிரித்தார்கள். சொல்கிறபோது அது அவ்வளவு கேவலமான பொய்யாகத்தான் இருந்தது. உண்மை தெரிந்த அனுவுக்கே பொய்யாகத்தான் கேட்டது.

“மாதா சத்தியமா சொல்றேன். போட்டோ எடுக்க ஆள் இல்லன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் வேணா வந்து எடுத்துத் தரவான்னு கேட்டேன். வேணாங்க, என் தங்கச்சி வரேன்னு சொல்லியிருக்கு, அதுக்குத்தான் எல்லாம் தெரியும்னாங்க.” அவன் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, சத்யாவின் ஜாடையில் இருந்த முகத்தில் நின்றான். “நீங்கதான அனு? நீங்க சொல்லுங்க.”

எல்லோரும் அனுவைப் பார்த்தார்கள். அருள்முருகன் போனிலிருந்து தலையை நிமிர்த்தியிருந்தான். மாமியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏம்மா அனு, உனக்கு எதுனா தெரியுமா?” என்றார் மாமா.

தெரியும் என்றால், எப்போது தெரியும் என்பார்கள். தெரிந்து என்ன செய்தாய் என்பார்கள். அந்த ஆள் கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்திருந்தன. ஒரு வார்த்தை போதும்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா.”

அந்தோணிசாமி அவளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு அம்மாவின் கையிலிருந்து அந்த வளையத்தைப் பணிவாக வாங்கினான். இழுபறியில் முனை ஒன்று வளைந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் நிமிர்த்திப் பார்த்து, துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். மாலையை உள்ளே கொண்டுபோக யாரும் விடவில்லை. அதைத் திண்ணைத் தூண் ஓரம் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். மாமாவின் ஆட்கள் இரண்டு பேர் தெருமுனைவரை பின்னாலேயே போய்த் திரும்பினார்கள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. குளிப்பாட்டினார்கள். யாரோ இரவல் கொடுத்த ரவிக்கையை முதுகில் வெட்டிப் போட்டார்கள். சத்யா பார்த்திருந்தால் வெட்டிய விளிம்பை மடித்தாவது தைத்திருப்பாள். கோடிப் புடவை கட்டினார்கள். வாழைக்கன்றைப் பிடித்து நிறுத்திக் கயிறு கட்டி அறுத்தார்கள். அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

“அந்தச் சனியனையும் கால்மாட்டுல போடுங்க. சேந்தே எரியட்டும்,” என்றார் மாமா.

அங்கியை எடுத்துச் சுருட்டியது அனுதான். அவளைத்தான் எடுக்கச் சொன்னார்கள். இருபத்துமூன்று மடிப்பும் கசங்காமல் சுருட்ட அவளுக்குத் தெரியவில்லை. மடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள், நழுவின. “என்னா பாப்பா, பொட்டியிலயா வெக்கப்போற?” என்று புஷ்பவள்ளி வாங்கி, அழுக்குத் துணி போல் பந்தாக்கிப் பாடையில் திணித்தாள். பறையடி எழுந்தது. பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

வீடு கழுவி முடித்தபோது மணி இரண்டரை. மாமா வீட்டிலிருந்து சோறும் ரசமும் அவரைக்காய்க் கூட்டும் வந்திருந்தன. அம்மா சமையலறையில் சுவரில் சாய்ந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அனு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சாப்பிட மாட்டாள், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வைத்தாள்.

“கதவ சாத்து,” என்றாள் அம்மா.

அனு சாத்தினாள்.

“அவன் பேரு என்னா சொன்னான்?”

“அந்தோணிசாமி.”

“கல்யாணமானவனாமே.”

“ஆமாம்மா.”

“ஆவட்டும்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். எதிர்வீட்டுப் பெண் யாரோடோ ஓடிப்போனபோது, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள் இந்த அம்மாதான். “கல்யாணமானவனா இருந்தா என்னா இப்ப. எவனோ ஒருத்தன் இருந்தான்ல. மாமா கேட்டப்ப நீ தெரியாதுன்னுட்ட. கெட்டிக்காரி. அத்தினி பேரு முன்னாடி அக்காவ விட்டுக் குடுக்கல நீ. எங்கிட்ட சொல்லு. உனக்குத் தெரியும்தான?”

அனு சோற்றின்மேல் ரசம் ஊற்றினாள்.

“நம்ம புள்ளகிட்ட நல்லபடியா இருந்தானா?”

அந்த ஆள் சத்யாவுக்காக ஒன்பது முனைகளை அரத்தால் ராவி ராவிச் செய்திருந்தான். அவள் சொன்ன இடத்தில் கொக்கி வைத்திருந்தான். படம் எடுத்துத் தருகிறேன் என்று தானாகவே கேட்டிருந்தான்.

“நல்லபடியாத்தாம்மா இருந்தாரு.”

அம்மா தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்று விழுங்கிவிட்டு இன்னொரு வாய் வைத்தாள்.

“ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுத்துக்கணும்னு ஆசப்பட்டிருக்குங்க போல,” என்றாள். “உன்னதான் கூப்பிட்டாளாமே. ஒரு எட்டு போயி எடுத்துக் குடுத்திருக்கலாம்ல நீ.”

அனு தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

“வர்ற ஞாயித்துக்கெழம வரலாம்னு இருந்தேம்மா.”

“ம்,” என்றாள் அம்மா. அவளுக்கு நல்ல பசி. தட்டைப் பார்த்தபடியே கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னாள். அனு அடியில் கிடந்த பருப்பைக் கலக்கி, ஒரு கரண்டி ஊற்றினாள்.